வீட்டின் மதிப்பு 80 சதவீதம் உயர்ந்தால் சொத்து வரியும் அவ்வளவு உயருமா?

கேள்வி: பல ஆண்டுகளுக்குப் பிறகு எங்கள் நகர நிர்வாகம் எல்லாச் சொத்துகளையும் மறுமதிப்பீடு செய்திருக்கிறது. என் வீட்டின் மதிப்பு 80 சதவீதம் உயர்ந்துவிட்டதாக அறிவிப்பு வந்துள்ளது. நான் ஓய்வூதியத்தை நம்பி வாழ்பவர். வரியும் அதே அளவு ஏறினால் என்னால் கட்ட முடியாது. மாடியில் குடியிருப்பவரின் வாடகையைத்தான் உயர்த்த வேண்டியிருக்கும். மறுமதிப்பீட்டையே ரத்து செய்யக் கோரிக் குடியிருப்போர் சங்கம் மனு தயாரிக்கிறது. அதில் நான் கையெழுத்திடலாமா?

பதில்: கையெழுத்திடும் முன் ஒரு விவரத்தை அறிந்துகொள்ளுங்கள். உங்களுக்கு வந்திருப்பது மதிப்பு பற்றிய அறிவிப்பு. வரி கட்டச் சொல்லும் கேட்பு அறிவிப்பு இன்னும் வரவில்லை. வரி என்பது மதிப்பையும் வரி விகிதத்தையும் பெருக்கி வருவது. மறுமதிப்பீடு நடந்த ஆண்டில் அந்த விகிதத்தை எவ்வாறு முடிவு செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தே உங்கள் சுமை கூடுமா, குறையுமா என்பது தெரியும்.

பல நாடுகளில் உள்ளாட்சி மன்றம் அந்த ஆண்டுக்குச் சொத்து வரியிலிருந்து எவ்வளவு தொகை தேவை என்பதை முதலில் தீர்மானித்து, அதை ஊரிலுள்ள சொத்துகளின் மொத்த மதிப்பால் வகுத்து விகிதத்தைக் காண்கிறது. இந்த முறையில் எல்லா மதிப்பும் சேர்ந்து உயர்ந்தால் விகிதம் தானாகவே இறங்கிவிடும். ஊரின் மொத்த மதிப்பு 1,000 பங்காக இருந்து, தேவையான வரி 10 பங்கு என்றால் விகிதம் 1 சதவீதம். மறுமதிப்பீட்டில் மொத்த மதிப்பு 1,500 ஆகி, தேவை அதே 10 ஆக இருந்தால் விகிதம் ஏறக்குறைய 0.67 சதவீதமாகக் குறைகிறது. அப்போது மதிப்பு 50 சதவீதம் உயர்ந்த வீட்டுக்காரர் பழைய வரியையே கட்டுவார். 20 சதவீதம் மட்டும் உயர்ந்தவருக்கு வரி 20 சதவீதம் குறையும். 80 சதவீதம் உயர்ந்த உங்களுக்கு 20 சதவீதம் கூடும். எனவே உங்கள் வீட்டின் உயர்வை ஊரின் சராசரி உயர்வோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே முதல் வேலை.

ஆனால் விகிதம் சட்டத்தில் நிலையாக எழுதப்பட்டிருந்தாலோ, குறைக்க வேண்டிய விகிதத்தை மன்றம் குறைக்காமல் விட்டாலோ 80 சதவீதம் முழுவதுமே உங்கள் தலையில் இறங்கும். மறுமதிப்பீட்டின் மறைவில் வரி உயர்வு நுழைவது இந்த இடத்தில்தான். இதைத் தடுக்க அமெரிக்காவின் டெக்சாஸ், ஃபுளோரிடா போன்ற மாநிலங்களில், ஏற்கெனவே உள்ள சொத்துகளிலிருந்து சென்ற ஆண்டு வசூலான அதே தொகையைத் தரக்கூடிய விகிதம் எது என்பதைக் கணக்கிட்டு மக்களுக்கு அறிவிக்க வேண்டும் என்று விதி உள்ளது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1980-இல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய சட்டம், புதிய கட்டுமானங்களால் வரும் வரியும் வாக்காளர்கள் தனியே ஒப்புக்கொள்ளும் உயர்வும் நீங்கலாக, உள்ளாட்சியின் மொத்தச் சொத்து வரி உச்சவரம்பை ஆண்டுக்கு 2.5 சதவீதத்துக்கு மேல் உயர விடுவதில்லை. உங்கள் மன்றத்திடம் சென்ற ஆண்டின் மொத்தச் சொத்து வரி எவ்வளவு, இந்த ஆண்டுக்குத் திட்டமிட்டது எவ்வளவு என்ற இரண்டு எண்களையும் எழுத்து மூலம் கேளுங்கள். அவை கிடைத்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மொத்த வரி மாறாமலேயே வீடுகளின் சுமை ஏறுவதும் உண்டு. அலுவலகக் கட்டடங்களின் மதிப்பு தேங்கி நிற்க, வீடுகளின் மதிப்பு மட்டும் வேகமாக உயர்ந்தால், வரிச்சுமையில் ஒரு பகுதி சத்தமில்லாமல் வணிகச் சொத்துகளிலிருந்து குடியிருப்புகளுக்கு மாறிவிடும். வகைவாரியாகத் தனித்தனி விகிதம் வைக்கச் சட்டம் இடம் தந்தால், மன்றக் கூட்டத்தில் இதையும் எழுப்ப வேண்டும்.

அடுத்து, உங்கள் சொத்தின் மதிப்பீட்டுப் பதிவேட்டின் நகலை வாங்கி, கையில் அளவுநாடாவுடன் ஒவ்வொரு வரியாகச் சரிபாருங்கள். எப்போதோ இடித்துவிட்ட கொட்டகை இன்னும் அதில் நிற்கும். திறந்த தாழ்வாரம் மூடிய அறையாகக் கணக்கில் ஏறியிருக்கும். கட்டிய ஆண்டு தவறாக இருந்து கட்டடத்தின் பழமைக்காக மதிப்பில் தரும் தேய்மானக் கழிவு குறைந்திருக்கும். ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான வீடுகளைக் கணினிச் சூத்திரத்தால் மதிப்பிடும்போது இத்தகைய பிழைகள் நேர்வது இயல்பு. இவற்றைத் திருத்துவதும் எளிது. பதிவேடு சரியாக இருந்தும் மதிப்பு மிகையாகத் தோன்றினால், மதிப்பீட்டுத் தேதியை ஒட்டி அருகில் விற்பனையான, பரப்பிலும் வயதிலும் ஒத்த வீடுகளின் விலைகளையும், விரிசல், நீர்க்கசிவு போன்ற குறைகளின் புகைப்படங்களையும் இணைத்து ஆட்சேபணை மனு கொடுங்கள். அந்த மனுவில் உங்கள் வருமானத்தைப் பற்றி எழுத வேண்டாம். ஆட்சேபணையை விசாரிப்பவர் மதிப்பு சரியா என்று மட்டுமே பார்க்க முடியும்; வரி கட்ட இயலாமை என்பது வேறு விண்ணப்பத்துக்குரிய விஷயம். மனு நிலுவையில் இருக்கும்போதும் வரியைக் கட்ட வேண்டும் என்ற விதி பல இடங்களில் உண்டு. தாமத வட்டியைத் தவிர்க்க இதைக் கேட்டறிந்துகொள்ளுங்கள்.

இனி சங்கத்தின் மனுவுக்கு வருகிறேன். மறுமதிப்பீட்டை ரத்து செய்யும் கோரிக்கையில் கையெழுத்திட வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. மதிப்பீட்டை உறைய வைத்தால் விலை வேகமாக ஏறிய வசதியான பகுதிகளுக்குச் சலுகையும், விலை ஏறாத எளிய பகுதிகளுக்குச் சுமையும் ஆண்டுதோறும் கூடிக்கொண்டே போகும். இங்கிலாந்தில் வீடுகளுக்கான உள்ளாட்சி வரி இன்றும் 1991 ஏப்ரல் 1-ஆம் தேதி விலையின் அடிப்படையில்தான் நிர்ணயிக்கப்படுகிறது. இப்போது கட்டிய வீட்டுக்கும், அது அன்று இருந்திருந்தால் என்ன விலை போயிருக்கும் என்று கற்பனை செய்துதான் வரிக்கான விலை வகையில் சேர்க்கிறார்கள். கலிஃபோர்னியாவில் 1978-இல் வந்த திருத்தம், சொத்து கைமாறும்வரை அதன் வரி மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் உயரக் கூடாது என்று கட்டுப்படுத்தியது. நெடுங்காலமாக அங்கே வாழும் முதியவர்களுக்கு அது பெரும் பாதுகாப்பு என்பதை மறுக்க முடியாது. ஆனால் ஒரே தெருவில், ஒரே அளவு வீட்டுக்கு, அண்மையில் வாங்கிய இளம் குடும்பம் பக்கத்து வீட்டுக்காரரைப் போலப் பல மடங்கு வரி கட்டுகிறது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரம் 2017-இல் முடித்த முழு மறுமதிப்பீடு ஏறக்குறைய 60 ஆண்டுகளில் முதலாவது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் சரிந்துபோன சந்தை விலையை விட மிகையாக மதிப்பிடப்பட்ட மலிவான வீடுகளில் வாழ்ந்த பலர், வரி நிலுவையால் வீட்டையே இழந்தனர்.

உங்கள் உண்மையான கவலை கட்டுப்படியாகும் செலவில் வீட்டில் தொடர்ந்து வாழ்வது. அதற்கான கருவிகள் தனியே இருக்கின்றன. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் மதிப்பு உயர்வை மூன்று ஆண்டுகளுக்குச் சமமாகப் பிரித்தே கணக்கில் சேர்க்கிறார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 55 வயதை எட்டிய தகுதியுள்ள உரிமையாளர், குடியிருக்கும் வீட்டின் வரியை அரசுக் கடனாக ஒத்திவைத்து, வீட்டை விற்கும்போது வட்டியுடன் செலுத்தலாம். வருமானத்தில் குறிப்பிட்ட பங்கைத் தாண்டும் வரியைத் திருப்பித் தரும் திட்டங்களும் சில இடங்களில் உள்ளன. அமெரிக்காவின் மினசோட்டா போன்ற மாநிலங்களில் வாடகைதாரருக்கும் இத்தகைய சலுகை உண்டு. வாடகை வழியாகச் சொத்து வரியில் ஒரு பங்கை அவர்களும் சுமக்கிறார்கள் என்பதால் இது நியாயமானது. உங்கள் ஊரில் முதியோர் சலுகையோ ஒத்திவைப்போ இருந்தால், அதற்கு நீங்களே விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.

சங்கத்தின் மனுவை மாற்றி எழுத முன்மொழியுங்கள். மொத்த வசூல் உயராதபடி விகிதத்தைக் குறைத்தல், உயர்வைச் சில ஆண்டுகளுக்குப் பரவலாக்குதல், குறைந்த வருமானத்தாருக்கு ஒத்திவைப்பு, இனி மறுமதிப்பீட்டைக் குறுகிய இடைவெளியில் தவறாமல் நடத்துதல் ஆகிய கோரிக்கைகளுடன் அது அமைந்தால் தயங்காமல் கையெழுத்திடலாம். அதுவரை உங்கள் ஆட்சேபணை மனுவைத் தள்ளிப்போட வேண்டாம். அதற்கான கடைசி நாள் அறிவிப்பிலேயே அச்சிடப்பட்டிருக்கும். அதைத் தவறவிட்டால் பெரும்பாலும் அடுத்த மதிப்பீடு வரை காத்திருக்க நேரும்.