தென் அமெரிக்க ஒயின்களில் நாட்டுக்கு நாடு அப்படி என்னதான் வித்தியாசம்?

கேள்விக்குக் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: "அர்ஜென்டினாவும் சிலியும் பக்கத்துப் பக்கத்து நாடுகள்தானே, ருசியும் ஏறக்குறைய ஒன்றாகத்தானே இருக்கும்? புதிதாகக் குடிப்பவன் எதில் தொடங்கலாம்?"

நான் ஒயின் தொழிலில் இருப்பவன் இல்லை. கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை போடும் வீட்டில் பிறந்தவன். கம்ப்யூட்டர் வேலை என்னை உருகுவேயின் தலைநகர் மான்டிவிடியோவுக்குக் கொண்டுபோனது. நாலு வருஷம் இருந்தேன். சேர்ந்தாற்போல் நாலு நாள் லீவு கிடைத்தால் பஸ் ஏறி ஏதாவது ஒரு திராட்சைத் தோட்டத்துக்குப் போய்விடுவேன். கூட வேலை பார்த்தவர்கள் பீச்சுக்குப் போவார்கள், நான் மட்டும் செருப்பில் மண்ணோடு திரும்பி வருவேன்.

முதல் தடவை அர்ஜென்டினாவின் மெண்டோசாவில் ஒரு தோட்டத்தில் நின்றுகொண்டு அப்பாவுக்கு வீடியோ காலில் காட்டினேன். என்ன ரகம், கிலோ என்ன விலை என்று கேட்பார் என நினைத்தேன். "தண்ணி எங்கருந்துடா வருது?" என்றார். கடைக்காரர்கள் நாட்டுக்கு ஒரு திராட்சை என்று சொல்லித்தருவார்கள். அர்ஜென்டினா என்றால் மால்பெக், சிலி என்றால் கார்மெனேர், உருகுவே என்றால் தன்னாட். தப்பில்லை, ஆனால் ரகத்தைச் சொன்னால் பாதிதான் சொன்ன மாதிரி. மீதிப் பாதி அப்பா கேட்ட கேள்வியில் இருக்கிறது.

மெண்டோசாவில் வருடத்துக்குச் சுமார் 200 மில்லிமீட்டர்தான் மழை. நம் ராமநாதபுரமே அதற்குப் பக்கத்தில் வைத்தால் பச்சைப்பசேல் என்று தெரியும். பசிபிக் கடலிலிருந்து வருகிற ஈரத்தையெல்லாம் ஆண்டீஸ் மலை மேற்குப் பக்கத்திலேயே பிழிந்துவிடுகிறது. கிழக்கே மெண்டோசாவுக்கு வருவது காய்ந்த காற்றும், மலையில் உருகும் பனித் தண்ணீரும்தான். அந்தத் தண்ணீர் 'அசேக்கியா' என்கிற வாய்க்கால்களில் ஓடுகிறது. ஸ்பானியர்கள் வருவதற்கு முன்பே வார்ப்பே என்கிற பூர்வகுடிகள் அங்கே வாய்க்கால் வெட்டிப் பாசனம் செய்திருக்கிறார்கள். இன்றும் ஊருக்குள் தெருவோரம் மரத்தடியில் வாய்க்கால் ஓடும், கவனமில்லாமல் நடந்தால் கால் உள்ளே போய்விடும் (போனது). 1884-லேயே தண்ணீருக்கென்று தனிச் சட்டம் போட்ட மாகாணம் அது. முறை வைத்து மடை திறந்துவிடுகிற ஆளுக்குத் 'தொமேரோ' என்று பேர். எங்கள் பக்கத்து நீர்பாய்ச்சியேதான், பேர்தான் வேறு.

காற்று காய்ந்திருப்பதால் பூஞ்சாண நோய் குறைவு, மருந்தடிப்பும் குறைவு. தண்ணீரைத் தேவைக்குத்தான் விடுகிறார்கள் என்பதால் பழம் ஊதிப்போவதில்லை. அதற்கு மேல் உயரம் இருக்கிறது. மெண்டோசா நகரம் சுமார் 750 மீட்டரில் இருக்கிறது, ஊக்கோ பள்ளத்தாக்குத் தோட்டங்களோ 900 மீட்டரிலிருந்து 1,500 மீட்டர் வரை ஏறுகின்றன. பகலில் தோல் கருகும் வெயில், ராத்திரி ஸ்வெட்டர் குளிர். வெயிலில் பழத்தோல் தடித்துக் கறுப்பேறுகிறது, குளிரில் புளிப்பு கரையாமல் நிற்கிறது. நகரத்துக்குப் பக்கத்திலிருக்கும் லுஹான் தெ கூஜோவின் மால்பெக்கும் ஊக்கோவின் மேட்டு ஊரான குவால்தஜாரியின் மால்பெக்கும் ஒரே ரகம்தான். முன்னது நன்றாகப் பழுத்த நாவல்பழம் போல வாயில் மெத்தென்று விழும். பின்னது பூ வாசத்தோடு விறைப்பாக நிற்கும், கடைசியில் சுண்ணாம்பு தொட்ட மாதிரி ஒரு நறநறப்பு. நான் இரண்டாவது கட்சி. புதிதாகக் குடிப்பவருக்கு முதலாவதுதான் பிடிக்கும்.

அங்கேயும் விவசாயிக்குத் தலைவலி இல்லாமல் இல்லை. ஆலங்கட்டி மழை பத்து நிமிஷம் அடித்தால் ஒரு வருஷ உழைப்பு போச்சு. அதற்காகத் தோட்டம் தோட்டமாக வலை போர்த்தியிருக்கிறார்கள். 'சோண்டா' என்று மலையிலிருந்து இறங்கும் அனல்காற்று வேறு.

மால்பெக்கின் பூர்வீகம் பிரான்ஸின் காஹோர் பக்கம். 1853-ல் மெண்டோசாவில் மிஷெல் புஜே என்கிற பிரெஞ்சு வேளாண் வல்லுநர் ஒரு நாற்றங்கால் பண்ணையும் பள்ளியும் தொடங்கினார், அவர் வழியாகத்தான் இந்த ரகம் அங்கே வேர்விட்டது. ஏப்ரல் 17-ஐ இன்று உலக மால்பெக் தினம் என்று கொண்டாடுவது அந்த ஆண்டை வைத்துத்தான். 1956 உறைபனியில் பிரான்ஸின் ஒயின் பகுதியான போர்தோவில் இருந்த மால்பெக்கில் பெரும்பகுதி செத்துப்போனது. பலர் அதற்குப் பிறகு திரும்ப நடவே இல்லை. தாய்வீட்டில் சீந்துவாரில்லாத பெண் புகுந்த வீட்டில் மகாராணியான கதை.

ஆனால் மால்பெக்கை மட்டும் பார்த்து அர்ஜென்டினாவை எடைபோடாதீர்கள். 1970-க்கு முன்பின்னாக அங்கே தலைக்கு வருஷத்துக்கு ஏறக்குறைய 90 லிட்டர் ஒயின் குடித்திருக்கிறார்கள். இன்று அதில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. அந்தக் காலத்தில் குடித்தது கிரியோஜா, செரேசா போன்ற இளஞ்சிவப்புத் திராட்சையில் செய்த சாதா ஒயின், சோடா கலந்து. அந்தக் கொடிகளை 'பர்ரால்' என்ற முறையில் கட்டியிருப்பார்கள். முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது: கல்லுக்கால், கம்பி, தலைக்கு மேலே கொத்துகள். நம் பந்தல்தான்.

வடக்கே சால்தா மாகாணத்தில் கஃபஜாதே என்று ஒரு ஊர், சுமார் 1,700 மீட்டர் உயரம். டொரோன்டெஸ் என்கிற வெள்ளைத் திராட்சைக்குப் பேர்போனது. கிளாஸை மூக்கருகே கொண்டுபோனால் மல்லிகை, ரோஜா, ஆரஞ்சுத் தோல் எல்லாம் ஒன்றாக வரும். இனிப்பாக இருக்கும் என்று நம்பிக் குடித்தால் சுத்தமாக இனிப்பு இருக்காது, ஏமாற்றுக்காரி. ஒரு பாட்டிலை ஊருக்குக் கொண்டுவந்தேன். அப்பா குடிப்பதில்லை, முகர்ந்து மட்டும் பார்த்தார். "இது நம்ம பழம்டா" என்றார். சும்மா சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். பிறகு படித்தபோது தெரிந்தது: நம் பன்னீர் திராட்சையின் உலகப் பேர் மஸ்கட் ஹாம்பர்க். அதைப் பெற்றதில் ஒன்று மஸ்கட் ஆஃப் அலெக்ஸாண்ட்ரியா. மரபணுச் சோதனைப்படி டொரோன்டெஸைப் பெற்றதிலும் ஒன்று அதே மஸ்கட் ஆஃப் அலெக்ஸாண்ட்ரியா. கம்பத்துப் பழத்துக்கும் கஃபஜாதே பழத்துக்கும் பாதி ரத்தம் ஒன்று.

இனி மலையைத் தாண்டுவோம். மெண்டோசாவிலிருந்து சிலியின் தலைநகர் சாண்டியாகோவுக்குப் பஸ் சுமார் 3,200 மீட்டர் வரை ஏறி, சுரங்கப்பாதைக்குள் நுழைந்து, சிலிப் பக்கம் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குகிறது. எல்லையில் என் பையில் ஒரு கொத்துத் திராட்சை இருப்பதைப் படிவத்தில் எழுதிக் கொடுத்தேன். வாங்கிக் குப்பைத்தொட்டியில் போட்டார்கள். எழுதாமல் மறைத்திருந்தால் அபராதம். அவர்கள் பயத்துக்குக் காரணம் உண்டு. 1860-களில் பிரான்ஸுக்குள் புகுந்த ஃபிலாக்ஸெரா என்கிற வேர்ப் பேன் ஐரோப்பாவின் திராட்சையையே சூறையாடியது. அந்தப் பூச்சி இதுவரை கால்வைக்காத நாடு சிலி. வடக்கே அட்டகாமா பாலைவனம், கிழக்கே ஆண்டீஸ், மேற்கே கடல், தெற்கே பனி. ஐரோப்பாவில் ஒட்டுக் கட்டித்தான் நட முடியும், சிலியில் பெரும்பாலும் கொடி தன் சொந்த வேரில் நிற்கிறது.

சிலியில் நீங்கள் கவனிக்க வேண்டியது கடல். அண்டார்டிகா பக்கமிருந்து வரும் ஹம்போல்ட் நீரோட்டம் கரையோரக் கடலைக் குளிரவைக்கிறது. காலையில் கசாபிளாங்கா பள்ளத்தாக்கில் மூடுபனி இறங்கினால் மதியம் வரை கிளம்பாது. அங்கே திராட்சை விளையாது என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். 1982-ல் பாப்லோ மொராந்தே என்கிற ஒயின் தயாரிப்பாளர் நட்டுக் காட்டினார். இன்று அந்த ஊர்ச் சொவின்யோன் பிளாங்க் என்கிற வெள்ளை ஒயின் எலுமிச்சைத் தோல், பச்சை மிளகாய், ஈரப் புல் என்று மூக்கில் ஏறும். வறுத்த மீனுக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியாது. மலையடிவாரத்து மைப்போ பள்ளத்தாக்கில் கபெர்னே சொவின்யோன் என்கிற சிவப்பு ரகம். 2004-ல் பெர்லினில் பேர் தெரியாமல் ருசிபார்த்த போட்டியில் வின்யேதோ சாட்விக், சென்யா என்ற இரண்டு சிலி ஒயின்கள் முதல் இரண்டு இடத்தைப் பிடித்தன, போர்தோவின் ஷாத்தோ லஃபீத் மூன்றாவது.

கார்மெனேர் கதை இதைவிட வேடிக்கை. போர்தோவில் ஃபிலாக்ஸெராவுக்குப் பிறகு அது கிட்டத்தட்ட ஒழிந்தே போனது. சிலிக்காரர்கள் பல தலைமுறையாக அதையே மெர்லோ என்கிற வேறொரு சிவப்பு ரகம் என்று நினைத்து வளர்த்துக்கொண்டிருந்தார்கள். "எங்கள் மெர்லோ ஏன் இவ்வளவு தாமதமாகப் பழுக்கிறது?" என்று யோசித்திருப்பார்கள். 1994 நவம்பரில் ஜான்-மிஷெல் பூர்சிக்கோ என்கிற பிரெஞ்சு நிபுணர் மைப்போவில் ஒரு தோட்டத்தில் கொடியைப் பார்த்துவிட்டு இது கார்மெனேர் என்றார். அவசரப்பட்டு அறுத்தால் பச்சைக் குடைமிளகாய் நெடி அடிக்கும், பொறுத்து அறுத்தால் கறுப்புப் பழமும் மிளகும் காப்பிக்கொட்டையும் கலந்த வாசம். மலிவான கார்மெனேரை ஒருமுறை குடித்துவிட்டு வெறுத்தவர்கள் நிறைய. நானும் அதில் ஒருவன்தான், கொல்சாகுவா பள்ளத்தாக்கில் நல்லதாக ஒன்று கிடைக்கும் வரை.

ஆனால் சிலியில் என் மனசு நின்றது தெற்கே, மௌலே, இத்தாத்தா பக்கம். அங்கே மானாவாரி. பந்தலும் இல்லை, கம்பியும் இல்லை, கொடி குத்துச்செடி போலத் தரையிலிருந்து கிளம்பி நிற்கிறது. பல தோட்டங்களில் நூறு வயதைத் தாண்டிய கொடிகள். ரகம் பாயிஸ். 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்களோடு வந்து, கோயில் பூசைக்கும் குடியானவர் குடிக்கும் பயன்பட்டது. அர்ஜென்டினாவில் இதற்குப் பேர் கிரியோஜா சிகா. அட, டொரோன்டெஸைப் பெற்ற இன்னொன்று இதுதான். மூங்கில் சல்லடையில் தேய்த்துக் காம்பை நீக்கி, பெரிய தொட்டியில் நொதிக்கவிட்டு, அதே வருஷமே குடித்துவிடுகிற 'பிபேன்யோ' என்கிற கிராமத்து ஒயின் இதில்தான் வரும். லேசான சிவப்பு, கொஞ்சம் மண்வாசனை. சாண்டியாகோ மதுக்கடைகளில் அதில் அன்னாசி ஐஸ்கிரீமைப் போட்டு 'தெர்ரெமோத்தோ' என்று தருவார்கள், பூகம்பம் என்று அர்த்தம். இரண்டாவது கிளாஸில் அர்த்தம் புரியும்.

உருகுவேக்குப் பாலைவனமும் இல்லை, மலையும் இல்லை. வானத்திலிருந்தே வருஷத்துக்கு 1,000 மில்லிமீட்டரை ஒட்டி மழை விழுகிறது. அட்லாண்டிக் காற்று, கனலோனெஸ் பக்கத்துக் களிமண். நொந்துபோன ஒரு தோட்டக்காரர் என்னிடம், "மெண்டோசாக்காரன் குழாயைத் திறந்து மூடுகிறான், நாங்கள் வானத்தைப் பார்க்கிறோம்" என்றார். அதனால் இங்கே எந்த வருஷத்து ஒயின் என்று பார்த்து வாங்க வேண்டும். மெண்டோசாவில் அந்தக் கவலை கம்மி. பாஸ்க் நாட்டிலிருந்து வந்த பாஸ்குவால் ஹர்ரியாகே 1870-களில் உருகுவேயின் சால்தோவில் நட்டுப் பரப்பிய ரகம் தன்னாட். ஊரில் ரொம்ப காலம் அதை ஹர்ரியாகே என்றே கூப்பிட்டார்கள். தடித்த தோல், மழையைத் தாங்கும். அதே தோல்தான் துவர்ப்பும். தன்னாட்டை ருசிக்கத் தமிழனுக்குப் பாடம் தேவையில்லை. கொட்டைப்பாக்கு, நெல்லிக்காய், மாதுளைத் தோல் எல்லாம் சின்ன வயசிலேயே நாக்குக்குப் பழக்கம். தனியாகக் குடித்தால் நாக்கு இழுத்துப் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை விறகுத் தணலில் சுட்ட மாட்டிறைச்சியோடு குடித்தால் அந்தத் துவர்ப்பு கொழுப்பைக் கழுவிக்கொண்டு போகும். நான் ஆட்டுக்கறிச் சுக்காவோடு குடித்துப் பார்த்தேன், குறை சொல்ல முடியவில்லை. கிழக்கே மல்தொனாதோவின் பாறைமண்ணில் அல்பரின்யோ என்கிற வெள்ளை ரகமும் நன்றாக வருகிறது, கடற்காற்றில் லேசாக உப்புக் கரிக்கும்.

பிரேசிலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 1875 முதல் வடக்கு இத்தாலியிலிருந்து வந்தவர்கள் தெற்கே செர்ரா கௌச்சா மலைகளில் குடியேறித் திராட்சை போட்டார்கள். அறுவடைக் காலத்திலும் மழை விடாது. முழுக்கப் பழுக்கக் காத்திருந்தால் அழுகிவிடும், முன்னாலேயே பறித்தால் புளிப்பு தூக்கும். புளிப்புத் தூக்கலான பழம் எதற்கு ஆகும்? நுரைக்கும் ஒயினுக்கு. பென்டோ கொன்சால்வெஸ், கரிபால்தி ஊர்களின் நுரை ஒயின்கள் விலைக்கு மேலேயே தரம். மஸ்கட்டில் செய்யும் இனிப்பு வகையும் உண்டு.

வடகிழக்கே சாவோ பிரான்சிஸ்கோ ஆற்றங்கரைப் பெத்ரோலினா பக்கம் இன்னொரு பிரேசில். நிலநடுக்கோட்டிலிருந்து வெறும் 9 டிகிரி. குளிர்காலமே கிடையாது, கொடி தூங்குவதே இல்லை. ஆற்றுத் தண்ணீரை நிறுத்திக் காயப்போட்டு, கவாத்து செய்து, மறுபடி தண்ணீர் விட்டால் வருஷத்துக்கு இரண்டு வெட்டு. ஐரோப்பியர்கள் இதை வந்து அதிசயமாகப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அப்பாவிடம் சொன்னேன். "இதுல என்னடா அதிசயம்?" என்றார்.

பொலிவியாவில் தரிஹா என்ற இடத்தில் 1,700 மீட்டருக்கு மேலே தோட்டங்கள். அங்கே ஒயினைவிட மஸ்கட் ஆஃப் அலெக்ஸாண்ட்ரியாவில் காய்ச்சுகிற சிங்கானிதான் பிரசித்தம், மறுபடி அதே பன்னீர் வாசம். பெருவில் பிஸ்கோ. இரண்டும் சாராய வகை, உங்கள் கேள்விக்கு வெளியே.

எதில் தொடங்கலாம் என்றால் டொரோன்டெஸில். வாசம் பழகியது, துவர்ப்பு இல்லை, மீன் வறுவல், மிளகாய்க் காரம் எதோடும் சண்டை போடாது. அடுத்து சாதாரண விலை மெண்டோசா மால்பெக். தன்னாட்டைக் கறிச்சோறு இருக்கிற நாளுக்கு எடுத்து வையுங்கள். நம் ஊர்க் கடைகளில் கிடைப்பதில் சிலிதான் அதிகம், அதில் முதல் பாட்டிலாகக் கார்மெனேர் மட்டும் வேண்டாம்.

ஒன்று மறந்துவிட்டேன். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்கச் சொல்வார்கள். அது 18 டிகிரி அறை. சித்திரை மாதத்து மதுரை அறையில் வைத்துக் குடித்துவிட்டு மால்பெக் கொதிக்கிறது என்று இங்கே வந்து எழுதாதீர்கள். அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுத் திறங்கள்.