ஓடும் ஒளியில் ஒரு தேடல்: கேள்வி-பதில்

கேள்வி: ஒளியிழையில் பாயும் பிட் வரிசையை மின்குறிப்பாக மாற்றாமலே அடையாளம் காண முடியுமா?

முடியும்; சூட்சுமம் தாமதத்தில் இருக்கிறது. விநாடிக்கு 40 கிகாபிட் ஓடும் இணைப்பில் ஒரு பிட்டின் ஆயுள் 25 பிகோநொடி (ஒரு பிகோநொடி, நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு). இழைக்குள் அதன் நீளம் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர்தான். 1101 என்ற வரிசையைத் தேடுகிறோம் என்று வையுங்கள். ஒளியை மூன்று கிளைகளாகப் பிரித்து, ஒன்றை 15 மில்லிமீட்டரும் இன்னொன்றை 10 மில்லிமீட்டரும் நீட்டி, மூன்றாவதை அப்படியே விடுங்கள். முன்னால் வந்த 1-கள் காத்திருந்து, கடைசி 1-உடன் ஒரே கணத்தில் கூடும். அந்த உச்சத்தைக் கண்டால் வரிசை அகப்பட்டுவிட்டது.

கேள்வி: 1111 வந்தாலும் அதே உச்சம் தோன்றுமே?

சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். 0-க்குக் கிளையே இல்லாததால் ஏமாந்துபோவோம். பிட்டைப் பிரகாசத்தில் எழுதாமல் அலையின் கட்டத்தில் (ஏற்ற இறக்கத்தில் அலை எந்த நிலையில் இருக்கிறது என்பதில்) எழுதினால், பொருந்தாத பிட் கூட்டுத்தொகையைக் குறைத்துவிடும். ஆனால் கிளைகளின் நீளம் அலைநீளத்தின் சிறு பங்குகூட மாறக் கூடாது. அறை சற்றுச் சூடானாலே தொல்லை. இன்னொரு வழி, ஒளியை இரண்டாகப் பிரித்து மீண்டும் சேர்க்கும் குறுக்கீட்டுமானியின் இரு கைகளிலும் குறைக்கடத்தி ஒளிப்பெருக்கிகளை வைத்துச் செய்யும் எக்ஸார் (XOR) வாயில். வரும் பிட்டும் தேடும் பிட்டும் வேறுபட்டால் மட்டும் வெளிச்சம் வரும். எனக்குப் பிடித்தது இதுதான், மின்செலவு அதிகமென்றாலும்.

கேள்வி: அப்படியானால் ஃபயர்வால் (வலையமைப்பில் வரும் தரவைச் சலித்துத் தடுக்கும் காவல் அமைப்பு) முழுவதையும் ஒளியிலேயே கட்டலாமே?

வேண்டாம். ஒளிக்கு நினைவாற்றல் இல்லை. 1 கிலோமீட்டர் இழைச்சுருள் 5 மைக்ரோநொடிக்கு 2 லட்சம் பிட்டுகளைத் தாங்கும். நடுவில் ஒன்றை எடுத்துப் பார்க்க வழியில்லை. மறையாக்கம் செய்த உள்ளடக்கத்தில் தேடியும் பயனில்லை. தரவுப் பொட்டலத்தின் தலைப்பிலுள்ள முகவரி, போர்ட் எண்ணை மட்டும் ஒளியில் சலித்து, சந்தேகமானவற்றை மின்னணுச் சில்லுக்கு அனுப்புவதே நடைமுறை.

கேள்வி: லென்ஸ் வைத்துப் படத்தில் உருவம் தேடுவதும் இதுவும் ஒன்றா?

கணக்கு ஒன்றுதான். ஆய்வாளர் வாண்டர்லக்ட் 1964-இல் காட்டிய வடிகட்டி இடப்பரப்பில் தேடியது. நாம் நேரத்தில் தேடுகிறோம்.

கேள்வி: கல்லூரி ஆய்வகத்தில் 40 கிகாபிட் கருவி இல்லை. என்ன செய்வது?

வேகத்தை 100 மெகாபிட்டாகக் குறையுங்கள். ஒரு பிட் 2 மீட்டர் ஆகிவிடும். 6 மீட்டர், 4 மீட்டர் இழைகளைக் கையாலேயே அளந்து வெட்டலாம். லேசரை விட்டு எல்இடி பயன்படுத்துங்கள். லேசரென்றால் கிளைகளின் ஒளி ஒன்றோடொன்று குறுக்கிட்டு, உச்சம் நிலையில்லாமல் ஆடும்.