இரும்புக் கம்பும் மிதக்கும் அரிசியும்

(கம்பு ரக ஆராய்ச்சி வயலில் முப்பது வருடம் நின்று, நான்கு வருடம் முன்பு ஓய்வு பெற்ற அம்மையார் ஒருவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

இரும்புச் சத்து அதிகமுள்ள கம்பு என்று விதை வருகிறதாம். இரும்பை எப்படிக் கம்புக்குள் ஏற்றுகிறார்கள்? மரபணு மாற்றுப் பயிர் என்று சொல்லி எங்கள் வீட்டில் பயப்படுகிறார்கள்.
– ஒரு விவசாயி, விளாத்திகுளம்

யாரும் எதையும் ஏற்றவில்லை ஐயா. ஏற்கெனவே இருந்ததைத் தேடி எடுத்தோம், அவ்வளவுதான். மரபணு மாற்றமும் இல்லை.

கதிரைப் பார்த்தால் நீளம் தெரியும், மணி நெருக்கம் தெரியும், சாயுமா நிற்குமா என்று தெரியும். இரும்பு கண்ணுக்குத் தெரியாதே! உங்கள் தாத்தாவும் சரி, நாங்களும் சரி, ரொம்ப காலம் அதைப் பார்த்து விதை பொறுக்கியதே இல்லை. அளந்து பார்க்க ஆரம்பித்த பிறகுதான், ஒரே ரகத்துக்குள்ளேயே செடிக்குச் செடி இரும்பு எவ்வளவு மாறுகிறது என்று புரிந்தது. ‘தனசக்தி’ என்ற இரும்புக் கம்பு ரகம் அப்படி வந்ததுதான். ஐசிடிபி 8203 என்று ஒரு பழைய ரகம். மேற்கு ஆப்பிரிக்காவில் டோகோ நாட்டின் உள்ளூர்க் கம்பிலிருந்து வந்தது. அதற்குள்ளேயே இரும்பு கூடிய வரிசைகளை, அதாவது ஒரே தாய்ச் செடியின் வாரிசுகளை, பிரித்தெடுத்து, இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனமும் மகாராஷ்டிரத்தின் ராகுரி வேளாண் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கின. 2012இல் மகாராஷ்டிரத்துக்கு, 2014இல் நாடு முழுவதுக்கும் வெளியிட்டார்கள். கிலோவுக்குச் சுமார் 71 மில்லிகிராம் இரும்பு. இப்போது இந்தியாவில் புதிய கம்பு ரகம் வெளியிட வேண்டுமானால் குறைந்தது 42 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்று விதியே வந்துவிட்டது.

சொல்ல எளிது. அளப்பதில் நான் பட்ட அவமானத்தைக் கேளுங்கள். ஒரு வருடம் என் வரிசைகளில் ஒன்று கிலோவுக்கு 140 மில்லிகிராம் இரும்பு காட்டியது. அன்றைக்கு எல்லோருக்கும் என் செலவில் டீ, வடை. இரண்டு வாரம் கழித்து ஆய்வகத்திலிருந்து தாள் வந்தது: இரும்போடு அலுமினியமும் எகிறியிருந்தது. கம்பு மணியில் அலுமினியம் பெரிதாகச் சேராது. மண்ணில்தான் அது கொட்டிக் கிடக்கிறது. தார்ப்பாய் விரிக்காமல் களத்தில் கதிர் அடித்திருந்தோம். நான் கண்டுபிடித்தது செம்மண் புழுதி! அதற்கப்புறம் கதிரை உறையோடு அறுத்து, துணிப்பையில் போட்டுத்தான் அடிப்பேன். வடை விஷயத்தை மட்டும் ஓய்வு பெறும் நாள் வரை யாரும் மறக்கவில்லை.

சரி, சாப்பிட்டால் உடம்பில் சேருமா? அகமதுநகர் மாவட்டத்தில் 12 முதல் 16 வயதுப் பிள்ளைகள் 246 பேரில் பாதிப் பேருக்கு இந்த ரகத்திலும், மீதிப் பேருக்குச் சாதாரணக் கம்பிலும் ரொட்டி சுட்டுக் கொடுத்துப் பார்த்தார்கள். நான்கு மாதத்திலேயே இரும்புக் கம்பு சாப்பிட்டவர்களின் இரும்பு இருப்பு கூடியிருந்தது. நான் அதை நம்புகிறேன். ஆனால் விதைப் பையில் ‘இரும்பு’ என்று அச்சடித்திருப்பதை மட்டும் பார்த்து நம்பாதீர்கள். ரகத்தின் பெயரையும் சான்று அட்டையையும் பாருங்கள்.

ரேஷன் அரிசியில் சில மணிகள் தண்ணீரில் மிதக்கின்றன, கொஞ்சம் மஞ்சளாக இருக்கின்றன. பிளாஸ்டிக் அரிசி என்கிறார்கள். பொறுக்கி எறிந்துவிட்டுத்தான் உலை வைக்கிறேன். சரிதானே?
– ஒரு வாசகி, மணப்பாறை

நீங்கள் எறிவதுதான் அந்த அரிசியின் சத்து தாயே! அது செறிவூட்டப்பட்ட அரிசி. அரிசி மாவில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 கலந்து, இயந்திரத்தில் அழுத்தி மறுபடி அரிசி வடிவமாக வெட்டி எடுக்கிறார்கள். நூறு கிலோ அரிசிக்கு ஒரு கிலோ கலக்கிறார்கள். மாவை அழுத்தி எடுத்தது, அதனால் சில மணி மிதக்கும். சந்தேகம் தீரவில்லை என்றால் ஒரு மணியைத் தீயில் காட்டுங்கள். அரிசியைப் போலக் கருகும், பிளாஸ்டிக்கைப் போல உருகாது.

தலசீமியா போன்ற ரத்தக் கோளாறு வீட்டில் யாருக்காவது இருந்தால் மட்டும், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு கொடுங்கள்.

கம்பு விஷயமும் இதுவும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். இதில் ஆலையில் சத்தைச் சேர்க்கிறோம், அதில் செடியே சேர்த்துக்கொள்கிறது. எனக்குப் பின்னதுதான் பிடிக்கும். கலப்பது நின்றால் சத்தும் நின்றுவிடும் பாருங்கள். ஆனால் எல்லோரும் அரிசிதான் சாப்பிடுகிறோம். தீட்டிய அரிசியில் நூறு கிராமுக்கு ஒரு மில்லிகிராம் இரும்புகூடத் தேறாது, சாதாரணக் கம்பில் ஆறு இருக்கிறது. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 53 சதவீதத்துக்கு ரத்தச் சோகை. அந்த வீடுகளுக்கு நாளைக்கே கம்பைக் கொண்டு சேர்க்க முடியாது. அதனால் அந்த மிதக்கும் மணி இருக்கட்டும்.

அறுத்த கம்பிலிருந்தே அடுத்த வருடத்துக்கு விதை எடுக்கலாமா?
– ஒரு வாசகர், திண்டிவனம்

கோ 10, தனசக்தி போன்ற ஒட்டு அல்லாத ரகமானால் எடுக்கலாம். கோ 9 போன்ற வீரிய ஒட்டானால் வேண்டாம், அடுத்த வருடம் கதிர் ஒன்று போல் இருக்காது. கம்பில் மகரந்தத்தை வாங்கிக்கொள்ளும் சூல்முடி முதலில் வரும், மகரந்தம் அப்புறம்தான் உதிரும். இடைப்பட்ட நாட்களில் பக்கத்துக் கொல்லை மகரந்தம் காற்றில் வந்து ஒட்டிக்கொள்ளும். 200 மீட்டருக்குள் வேறு கம்பு இல்லாத இடமாகப் பார்த்து, வயலின் நடுவிலிருந்து கதிர் பொறுக்குங்கள். வரப்போரத்தைத் தொடாதீர்கள்.

எனக்கு ஹீமோகுளோபின் 8.5. தினமும் கம்பங்கூழ் குடித்தால் ஏறிவிடுமா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகி, அருப்புக்கோட்டை

முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், கொடுக்கிற மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள். 8.5ஐ கூழ் தூக்கிவிடாது. மறுபடி இறங்காமல் பார்த்துக்கொள்ளத்தான் கூழ்.

கம்பில் இரும்போடு ஃபைட்டேட்டும் இருக்கிறது, இரும்பை உடம்பில் சேரவிடாமல் பிடித்து வைக்கும். உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டு ஒரு ராத்திரி புளிக்க வைத்தால் அது குறையும். காலையில் கரைத்து, சின்ன வெங்காயத்தோடு நெல்லிக்காய் ஊறுகாய் ஒரு துண்டு கடித்துக்கொள்ளுங்கள். மாவை ஒரு வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள், கசந்துபோகும். கூழ் குடித்த கையோடு டீ மட்டும் வேண்டாம். ஒரு மணி நேரமாவது போகட்டும்.