கனடா போகிறீர்களா? அம்மாவிடம் விட்டுப்போகும் நகையையும் எழுதுங்கள்

வெள்ளவத்தையில் இருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "பிஆர் (நிரந்தர வதிவுரிமை) கிடைத்து அடுத்த மாதம் டொரொன்டோ போகிறேன். தாலிக்கொடியும் காப்பும் போட்டுக்கொண்டு போவேன். மிச்ச நகை அம்மாவிடம் இருக்கும். தையல் மெஷினும் குத்துவிளக்கும் பிறகு கப்பலில் வரும். சுங்கத்தில் எதைச் சொல்வது, வரி வருமா?"

கையோடு கொண்டுபோவதைச் சொன்னால் போதும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள், பிழை நடப்பதும் அங்கேதான். கனடாவில் முதல்முறை இறங்கும் அன்றைக்கே இரண்டு பட்டியல் கொடுக்க வேண்டும்: ஒன்று உங்களோடு வருவது, மற்றது பின்னால் வரப்போவது. ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி. அம்மாவிடம் இருக்கும் நகை, மெஷின், விளக்கு எல்லாம் இரண்டாவதில் வர வேண்டும். எப்போது அனுப்புவீர்கள் என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை, எழுதிவிடுங்கள். பட்டியலில் எழுதாமல் விட்ட சாமான் பிறகு வந்தால் வரி கேட்பார்கள்.

தையல் மெஷின் என்று மட்டும் எழுதாதீர்கள். கம்பனிப் பெயர், மாடல், அதன் உடம்பில் ஒரு சின்னத் தகட்டில் பொறித்திருக்கும் சீரியல் நம்பர், கனேடிய டொலரில் பெறுமதி, இவ்வளவும் வேண்டும்.

இனி நகை. இதில்தான் நேரம் எடுத்துச் செய்யுங்கள். "30 பவுண் நகை" என்று ஒரே வரியில் எழுதுவது வேண்டாம், கொடி தனி, காப்பு தனி, அட்டியல் தனி. செட்டியார் தெருவில் உங்களுக்குத் தெரிந்த நகைக்கடையில் ஒவ்வொன்றுக்கும் நிறையும் பெறுமதியும் எழுதி வாங்குங்கள், வெள்ளைத் துணியில் வைத்துப் படம் எடுத்து அந்தப் படத்தின் பின்னால் திகதி போட்டுக் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள். கழுத்தில் கிடப்பதும் பட்டியலில் வர வேண்டும்.

வரி? உங்களுக்குச் சொந்தமாகி, உங்கள் கையில் இருந்து, போகும் முன்பே பாவித்த சாமானுக்கு வரி இல்லை. ஒரு தனிப் பொருள் 10,000 கனேடிய டொலருக்கு மேல் என்றால் மேலதிகத் தொகைக்கு வரி என்பது, முன்பு கனடாவில் இருந்து திரும்பிப் போகிறவர்களுக்கான விதி, முதல்முறை குடியேறும் உங்களுக்கு அல்ல. ஆகவே வரிக்குப் பயந்து பெறுமதியைக் குறைத்து எழுதிவிடாதீர்கள் தங்கச்சி, தயவுசெய்து. பிடிபட்டால் நகையையே தடுத்து வைத்து அபராதம் போடுவார்கள், தாலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நிற்கும் நிலை எந்தப் பெண்ணுக்கும் வரக்கூடாது.

போகும் அவசரத்தில் வாங்கிப் பெட்டி பிரிக்காமல் வைத்திருக்கும் சாமான் "பாவித்தது" ஆகாது. கல்யாணப் பரிசுக்கும் மணப்பெண்ணின் சீர்ச் சாமானுக்கும் விலக்கு உண்டு, அதுவும் கல்யாணம் நடந்து மூன்று மாதத்துக்குள் போனால், அல்லது போய் மூன்று மாதத்துக்குள் கல்யாணம் நடப்பதாக இருந்தால். அப்புறம், வரியில்லாமல் கொண்டுபோனதை 12 மாதத்துக்குள் விற்றாலோ யாருக்கும் கொடுத்தாலோ வரி கட்ட வேண்டி வரும். உங்கள் தங்கைக்கு ஒரு சங்கிலி கொடுக்கும் எண்ணம் இருந்தால் கொழும்பிலேயே கொடுத்துவிட்டுப் போங்கள்.

காசு 10,000 கனேடிய டொலரோ அதற்கு மேலோ இருந்தால் சொல்ல வேண்டும். சொன்னால் வரி எடுக்கமாட்டார்கள், மறைத்தால்தான் பறிமுதல். மிளகாய்த்தூள், கருவாடு, மாசி, எதுவானாலும் சாப்பாட்டுச் சாமான் இருப்பதைச் சொல்லிவிடுங்கள்.

பட்டியலைப் பார்த்து அதிகாரி பிஎஸ்எஃப்186 என்ற படிவத்தை நிரப்பித் தருவார், பழைய ஆட்கள் பி4 என்பார்கள். கப்பல் பெட்டி வந்து சேரும்போது அதைக் காட்டித்தான் எடுக்க வேண்டும், ஆகவே கடவுச்சீட்டோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். கட்டுநாயக்கவில் விமானம் ஏறும்போது இரண்டு பட்டியலும் கைப்பையில் இருக்கட்டும், சூட்கேசில் போட்டுவிடாதீர்கள்.