அடுக்களைக் கேள்வி–பதில்: டிஷ்வாஷர் வடிகட்டியைக் கழற்றித் துலக்குவது எப்படி?

கேள்வி: எங்கள் வீட்டில் டிஷ்வாஷர் வாங்கி ஏழு மாதங்கள் ஆகின்றன. தொடக்கத்தில் ஏனங்கள் பளிச்சென்று வந்தன. இப்போது கண்ணாடித் தம்ளர்களின் உட்புறத்தில் மணல் போன்ற துகள்கள் ஒட்டியிருக்கின்றன. கதவைத் திறந்தால் ஊசிப்போன குழம்பின் வாடை அடிக்கிறது. அடியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் கிடக்கிறது. வடிகட்டியைக் கழற்றிக் கழுவ வேண்டும் என்று என் மதினி சொல்கிறார். கழற்றினால் திரும்ப மாட்ட வருமா என்று எனக்குப் பயமாக இருக்கிறது. இயந்திரம் பழுதாகிவிட்டதா?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: பழுது ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை, உங்கள் மதினி சொல்வதுதான் சரி. அங்கணத்தில் குழாயைத் திறந்துவிட்டு ஏனம் கழுவும்போது அழுக்குத் தண்ணீர் அப்போதைக்கப்போது ஓடிவிடுகிறது. டிஷ்வாஷர் அப்படிச் செய்வதில்லை. ஒவ்வொரு கட்டத்துக்கும் சில லிட்டர் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு, அதையே பம்பின் வழியாக மேலே பீய்ச்சி, கீழே வடிந்ததை வடிகட்டியில் அரித்து, மறுபடியும் பீய்ச்சுகிறது. முழுச் சுற்றுக்கும் 10 முதல் 15 லிட்டருக்குள் அது வேலையை முடிப்பது இதனால்தான். ஆகவே வடிகட்டி அடைத்துக்கொண்டால், உங்கள் தம்ளர் நேற்றைய குழம்பு கலந்த தண்ணீரில் குளிக்கிறது என்று பொருள். மணல் போல் இருப்பது மணல் அல்ல. அரைபட்ட தேங்காயும் மிளகாய் விதையும் பருப்புத் தோலும்தான்.

சுற்று முடிந்த உடனே கை வைக்காதீர்கள். உள்ளே சூடு தணிய அரை மணி நேரமாவது விட்டு, சுவரில் உள்ள சுவிட்சை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். கீழ்த்தட்டை முழுவதுமாக வெளியே இழுத்து எடுத்துவிட்டால், தரைப்பகுதியின் நடுவிலோ சற்று ஓரமாகவோ கைப்பிடியுடன் கூடிய உருளை ஒன்று தெரியும். பெரும்பாலான மாதிரிகளில் அதைக் கடிகாரம் சுற்றுவதற்கு எதிர்த்திசையில் கால் சுற்றுத் திருப்பினால் பூட்டு விட்டுவிடும். பிறகு நேராக மேலே தூக்க வேண்டும். சுழன்று நீர் தெளிக்கும் கை குறுக்கே இருந்தால் அதைச் சற்று ஒதுக்கிவிட்டுக்கொள்ளலாம். உருளை வந்த பிறகு, அதற்கடியில் பரந்து கிடக்கும் எவர்சில்வர் தட்டு வடிகட்டியும் எளிதாக வந்துவிடும். உருளைக்குள்ளேயே பெரிய துகள்களைத் தடுக்கும் கூடை ஒன்றும், மிக நுண்ணிய வலை ஒன்றும் ஒன்றனுள் ஒன்றாக இருக்கும், அவற்றையும் பிரித்துவிடுங்கள். ஆக மொத்தம் மூன்று பாகங்கள். கழற்றுவதற்கு முன்பே கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால், திரும்ப மாட்டும்போது உங்கள் பயம் பாதி குறைந்துவிடும்.

எங்கள் வீட்டில் மறுவீட்டுச் சொதி வைத்த மறுநாள் நான் கழற்றிப் பார்த்ததைச் சொல்கிறேன். கூடைக்குள் முருங்கைக்காய்ச் சக்கை, கறிவேப்பிலைக் காம்பு, ஒரு புளிநார் உருண்டை, புதிய எவர்சில்வர் கிண்ணத்திலிருந்து உரிந்த விலைச் சீட்டு ஆகியவை இருந்தன. இவையெல்லாம் கையால் எடுத்தவுடன் போய்விட்டன. தொல்லை தந்தது நுண்வலைதான்: தேங்காய்ப்பாலின் கொழுப்பு மஞ்சளோடு சேர்ந்து, ஓரமெல்லாம் பழுத்த நிறத்தில், விரலால் வழித்தால் பசை போல் எழும்பி வந்தது. வலையின் கண்கள் ஒன்றுகூடத் தெரியவில்லை.

இந்தப் பசைக்கு வெந்நீரும் பொறுமையும் போதும். கை பொறுக்கும் சூட்டிலுள்ள தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரச் சோப்பு நீர் விட்டு, மூன்று பாகங்களையும் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு பழைய பல் துலக்கும் பிரஷால், வலையின் உட்புறத்திலிருந்து வெளிப்புறமாகத் தேய்த்துக் குழாயடியில் அலசுங்கள். கம்பி நாரையோ ஏனம் தேய்க்கும் பொடியையோ எடுக்க வேண்டாம். வலை கிழிந்தால் புது வடிகட்டிதான் வாங்க வேண்டும். கொதிக்கும் தண்ணீரை ஊற்றினால் பிளாஸ்டிக் வளையம் நெளிந்து, பிறகு பூட்டு சரியாக விழாது. வலையில் ஒட்டியதை உதறுவதற்காகக் கல்மேடையின் விளிம்பில் தட்டுவதும் கூடாது. அலசும்போது சோப்பு சிறிதும் மிச்சமில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் கையால் கழுவும் சோப்பு நீர் இயந்திரத்துக்குள் போனால் நுரை பொங்கிக் கதவு வழியாகக்கூட வழியும். வடிகட்டி சுத்தமாகிவிட்டதா என்று அறிய, வலையைக் குழாய்க்குக் கீழே பிடியுங்கள். தண்ணீர் நேராக இறங்கினால் சரி, வலையின் மேல் வழுக்கிக்கொண்டு பக்கவாட்டில் ஓடினால் கொழுப்பு இன்னும் போகவில்லை.

வடிகட்டி வெளியே இருக்கும் நேரத்தில், அது உட்கார்ந்திருந்த குழியையும் ஒரு பார்வை பாருங்கள். அங்கே சிறிது தண்ணீர் நிற்பது இயல்பு. ரப்பர் பாகங்கள் காய்ந்துபோகாமல் இருக்க அது உதவுகிறது. தண்ணீர் தரைமட்டத்துக்கு மேலே ஏறி நின்றால் மட்டும் கவலைப்பட வேண்டும். அப்போது வெளியேற்றும் குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. குழியில் உடைந்த கண்ணாடிச் சில்லு கிடக்கலாம் என்பதால், வெறுங்கையைவிடாமல் ரப்பர் கையுறை போட்டு, பஞ்சால் ஒற்றியெடுங்கள். நீர் தெளிக்கும் கையின் துளைகளில் கடுகோ மிளகாய் விதையோ சிக்கியிருந்தால் பல்குச்சியால் நெம்பிவிடலாம்.

மாட்டும்போது முதலில் தட்டு வடிகட்டி, அதன் மேல் உருளை. கடிகாரத் திசையில் திருப்பி, அம்புக்குறிகள் நேருக்கு நேர் வந்து நிற்கும் வரை, அல்லது டக்கென்று பிடிக்கும் வரை முடுக்குங்கள். பிறகு கைப்பிடியைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள், அசையக் கூடாது. இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஒருமுறை அவசரத்தில் உருளையை வெறுமனே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். பாதிச் சுற்றில் கறகறவென்று சத்தம் வந்து இயந்திரம் நின்றது. வந்த மெக்கானிக் பம்பின் இறக்கைக்கிடையிலிருந்து ஒரு புளியங்கொட்டையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, அதற்கான கூலியையும் வாங்கிச் சென்றார். அந்தக் கொட்டை இன்னமும் என் அஞ்சறைப் பெட்டியின் மூடிமேல் இருக்கிறது.

தினமும் ஓட்டுகிற வீட்டில் வாரம் ஒருமுறை குழாயடியில் அலசுவதும், மாதம் ஒருமுறை மேலே சொன்னபடி ஊறவைத்துத் தேய்ப்பதும் நம் சமையலுக்குப் போதுமானவை. வாடை நீங்க, கழுவிய பின் 65 அல்லது 70 டிகிரிச் சூட்டில் ஓடும் திட்டத்தில், இயந்திரத்தை ஏனமில்லாமல் ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.

கேள்வி: எங்களுக்கு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான். வடிகட்டியை எவ்வளவு தேய்த்தாலும் சுண்ணாம்பு போன்ற வெள்ளைப் படிவு போகவில்லை. இயந்திரத்துக்கு உப்பு போட வேண்டும் என்கிறார்கள். பக்கத்திலேயே தூத்துக்குடி உப்பளம் இருக்க, விலை கொடுத்து டிஷ்வாஷர் உப்பு வாங்குவது அவசியமா?
– ஒரு வாசகர், திசையன்விளை

பதில்: தாமிரபரணித் தண்ணீர் குடிப்பவர்களுக்கு இந்தக் கேள்வியின் வலி தெரியாது. வெள்ளைப் படிவு அழுக்கன்று. கடின நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சூட்டில் பிரிந்து படிந்தவை. சோப்புக்கு அது கரையாது, புளிப்புக்குத்தான் கரையும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், கரைத்து, வடிகட்டியைக் கால் மணி நேரம் ஊறவைத்துப் பிரஷால் தேயுங்கள். அதே சமயத்தில் பிளீச்சிங் பவுடரை அருகில் கொண்டுவரவே கூடாது. புளிப்போடு அது சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். தனியாகப் பயன்படுத்தினாலும் பிளீச்சிங் பவுடர் எவர்சில்வரை அரிக்கும்.

உப்பைப் பற்றிச் சொல்வதானால், அது ஏனத்தைக் கழுவுவதற்காகப் போடப்படுவது அன்று. இயந்திரத்துக்குள் நீரை மென்மையாக்கும் பிசின் மணிகள் இருக்கின்றன. அவை தண்ணீரிலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகின்றன. மணிகள் நிரம்பியபின் உப்புக் கரைசல்தான் அவற்றைக் கழுவி மீண்டும் வேலைக்குத் தயாராக்குகிறது. உப்பளத்துக் கல் உப்பு சமையலுக்கு அருமையானது. ஆனால் அதில் கால்சியமும் மக்னீசியமும் கரையாத மண்ணும் ஓரளவு கலந்திருக்கும். எதை விலக்க வேண்டுமோ அதையே உள்ளே ஊற்றியதாகிவிடும். கடையில் விற்கும் தூள் உப்பில் கட்டி பிடிக்காமலிருக்கச் சேர்க்கும் பொருள்களும் அயோடினும் இருப்பதால் அதுவும் உதவாது. ஆகவே டிஷ்வாஷர் உப்பையே வாங்குங்கள். உப்பை நிரப்பியவுடன் சிந்தியதைத் துடைத்துவிட்டு ஒரு சுற்று ஓட்ட வேண்டும். உப்புநீர் தேங்கினால் எவர்சில்வரும் துருப்பிடிக்கும். இயந்திரத்தில் நீரின் கடினத்தன்மையைக் குறிக்கும் அளவையும் உங்கள் தண்ணீருக்கேற்ப உயர்த்தி வையுங்கள். இதை மறந்துவிட்டு உப்பை மட்டும் கொட்டிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர்.

கேள்வி: வடிகட்டியை ஏனங்களோடு சேர்த்து மேல்தட்டில் வைத்துக் கழுவலாமா?
– ஒரு வாசகி, தென்காசி

பதில்: கூடாது. அது வெளியே இருக்கும் வரை இயந்திரத்தை ஓட்டவே கூடாது. புளியங்கொட்டைக் கதையை மேலே படித்திருப்பீர்கள்.

கேள்வி: ஏனத்தை அலம்பித்தான் உள்ளே வைக்க வேண்டும் என்றால் இந்த இயந்திரம் எதற்கு என்று என் அத்தை கேட்கிறார். அலம்பாமல் வைத்தால் வடிகட்டி மூன்றே நாளில் அடைக்கிறது. யார் சொல்வது சரி?
– ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: அத்தை சொல்வதில் நியாயம் இருக்கிறது. அலம்ப வேண்டியதில்லை, வழித்துப் போட்டால் போதும். டிஷ்வாஷருக்கென்று விற்கும் பொடியில் மாவுப்பொருளையும் புரதத்தையும் உடைக்கும் நொதிகள் இருக்கின்றன. ஏனத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய படலத்தை அவை பார்த்துக்கொள்ளும். அவற்றால் உடைக்க முடியாதவை புளிச்சக்கை, முருங்கைச் சக்கை, கறிவேப்பிலை, மீன் முள் ஆகியவை. இவற்றை ஒரு மரக்கரண்டியால் வழித்துத் தென்னை மூட்டில் கொட்டிவிட்டு ஏனத்தை அப்படியே அடுக்கலாம். இட்லி மாவுச் சட்டியும் உளுந்தங்களி கிண்டிய உருளியும் மட்டும் விதிவிலக்கு. மாவு காய்ந்தால் பசை போல் இறுகி, கழுவும்போது செதில் செதிலாக உரிந்து நேராக நுண்வலையில் போய்ப் படியும். ஆதலால் அவற்றை ஒழித்தவுடனே தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு உள்ளே வையுங்கள்.