குவாண்டம் புள்ளிகளால் நீரிலுள்ள உலோக அயனிகளைக் கண்டறிதல்: கேள்வி பதில்

கேள்வி (பள்ளி ஆசிரியர்): 2023 ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசுக்குப் பிறகு மாணவர்கள் குவாண்டம் புள்ளிகளைப் பற்றிக் கேட்கிறார்கள். நீரில் கரைந்துள்ள உலோகத்தை அவை எவ்வாறு காட்டித் தருகின்றன?

பதில்: பவெண்டி, புரூஸ், எகிமோவ் ஆகிய மூவருக்கும் அப்பரிசைப் பெற்றுத்தந்த இப்புள்ளிகள், சில நானோமீட்டர் அளவே உள்ள குறைக்கடத்திப் படிகங்கள். புற ஊதா ஒளியை உட்கவர்ந்து, தம் அளவுக்கேற்ற நிறத்தில் ஒளிர்கின்றன. இவ்வளவு சிறிய படிகத்தில் அணுக்களின் பெரும்பங்கு மேற்பரப்பிலேயே இருப்பதால், ஓர் அயனி அங்கே வந்து ஒட்டினாலே ஒளிர்வு மாறிவிடுகிறது. பெரும்பாலும் மங்குகிறது, மங்கிய அளவைக் கொண்டு செறிவைக் கணக்கிடுகிறோம்.

கேள்வி (முதுகலை மாணவி): சிட்ரிக் அமிலமும் எத்திலீன்டைஅமீனும் கொண்டு நான் தயாரித்த கார்பன் புள்ளிகள் (கார்பனாலான ஒளிரும் நானோதுகள்கள்), இரும்பின் ஃபெரிக் அயனி சேர்த்தால் மங்குகின்றன. அயனியின் செறிவுக்கேற்ப ஒளிர்வு மங்குவதைக் காட்டும் ஸ்டெர்ன்–வோல்மர் வரைபடமும் நேர்கோடாக வருகிறது. இரும்பு மேற்பரப்பில் பிணைந்தது என்று ஆய்வேட்டில் எழுதலாமா?

பதில்: இப்போதைக்கு எழுத வேண்டாம். அந்த நேர்கோடு மங்கலின் அளவைச் சொல்கிறதே தவிர, காரணத்தைச் சொல்வதில்லை. ஃபெரிக் அயனி தானே 300 முதல் 400 நானோமீட்டர் வரையுள்ள ஒளியை நன்றாக உட்கவர்வது. நீங்கள் 360 நானோமீட்டரில் தூண்டினால், விளக்கின் ஒளி புள்ளிகளைச் சென்றடையும் முன்பே அதில் ஒரு பகுதியை இரும்பு எடுத்துக்கொள்கிறது. இந்த உள்வடிகட்டல் விளைவில் எந்தப் பிணைப்பும் நிகழ வேண்டியதில்லை. ஆகவே தூண்டும் அலைநீளம், உமிழும் அலைநீளம் இரண்டிலும் கரைசலின் உட்கவர் அளவை அளந்து, ஒளிர்வு மதிப்பைத் திருத்துங்கள். திருத்திய பிறகு மங்கலே மறைந்துவிட்டால் விடை கிடைத்துவிட்டது. மறையாவிட்டால் ஒளிர்வின் ஆயுட்காலத்தை அளக்க வேண்டும்: ஒளிர்வு குறைந்த அதே விகிதத்தில் ஆயுட்காலமும் குறைந்தால் மோதலால் நேர்ந்த தணிப்பு, மாறாமல் இருந்தால் புள்ளியும் இரும்பும் பிணைந்த ஒளிராத அணைவு உருவாகியிருக்க வாய்ப்புண்டு. இச்சோதனைகளைச் செய்யாமலே "தேர்ந்தறியும் உணரி" என்று தலைப்பிடும் கட்டுரைகள் பெருகியிருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

கேள்வி (ஆய்வு மாணவர்): செம்பும் பாதரசமும் காட்மியம் சல்பைடு புள்ளிகளை ஒன்றுபோலவே மங்கச் செய்கின்றன. இவற்றை எவ்வாறு பிரித்தறிவது?

பதில்: அவ்விரண்டின் சல்பைடுகளும் காட்மியம் சல்பைடைவிட மிகக் குறைந்த கரைதிறன் உடையவை, எனவே இரண்டுமே படிகத்திலுள்ள காட்மியத்தை வெளியேற்றி அவ்விடத்தைப் பிடித்துக்கொள்ள முடியும். பிரித்தறியும் திறனை மேற்பரப்பைப் போர்த்தியுள்ள ஈனிகள் என்னும் மூலக்கூறுகளிடமிருந்தே பெற வேண்டும். 2002 இல் சென், ரோசன்ஸ்வைக் இருவரும் இதைத் தெளிவாகக் காட்டினர். பாலிபாஸ்பேட் போர்த்திய காட்மியம் சல்பைடு புள்ளிகள் ஏறத்தாழ எல்லா அயனிகளுக்கும் பதிலளித்தன. தயோகிளிசரால் போர்த்தியவை செம்புக்கும் இரும்புக்கும் மட்டுமே பதிலளித்தன. சிஸ்டீன் போர்த்தியவை துத்தநாகத்தைக் காட்டின. இரும்பின் குறுக்கீட்டை ஃபுளூரைடு சேர்த்து மறைத்தனர். பாதரசத்துக்கு, தைமின் நிறைந்த டிஎன்ஏ இழைகளைப் புள்ளியில் இணைப்பது நல்ல வழி. இரு தைமின்களுக்கு இடையே பாதரச அயனி இறுகப் பிணைகிறது.

கேள்வி (இல்லத்தரசி): புற ஊதா டார்ச்சும் இக்கரைசலும் இருந்தால், கிணற்று நீரை வீட்டிலேயே சோதிக்கலாமா?

பதில்: கூடாது, அம்மா. இந்தியக் குடிநீர்த் தரத்தில் ஈயத்தின் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், பாதரசத்துக்கு 1 மைக்ரோகிராம்; அந்த அளவிலான மங்கலைக் கண்ணால் உறுதிப்படுத்த இயலாது. மிக நுண்ணளவு உலோகத்தையும் அளக்கும் ஐசிபி–எம்எஸ் கருவியுள்ள ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி (நீர் ஆய்வகப் பணியாளர்): மாதிரி நீரில் நைட்ரிக் அமிலம் சேர்த்து வைக்கிறோம். அதில் புள்ளிகளை இட்டால் ஒளிர்வே போய்விடுகிறது.

பதில்: உலோகம் புட்டியின் சுவரில் ஒட்டாதிருக்க அந்த அமிலம் தேவை, ஆனால் பிஎச் 2க்குக் கீழே கந்தகம் வழியே படிகத்தில் ஒட்டியுள்ள தயால் ஈனிகள் கழன்று, படிகமும் சிதைகிறது. அளவிடுவதற்குச் சற்று முன் நடுநிலையாக்கி, பிஎச் மாறாமல் காக்கும் தாங்கல் கரைசல் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈயத்தை அளப்பதானால் பாஸ்பேட் தாங்கல் வேண்டாம், ஈயம் வீழ்படிவாகிவிடும். உலோகம் சேர்க்காத வெற்றுக் கரைசலையும் இதே முறையில் தயாரியுங்கள். அளவீட்டுக் கோட்டை வாலைவடிநீரில் வரையாமல், அதே மாதிரி நீரில் தெரிந்த அளவு உலோகத்தைப் படிப்படியாகச் சேர்த்து வரையுங்கள். காட்மியம் உள்ள கழிவை மட்டும் தொட்டியில் ஊற்றிவிடாமல் தனிப் புட்டியில் சேர்த்து வையுங்கள்.