தலையாட்டினால் போதாது
(வேலையிடப் பாதுகாப்பு: வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் மேனேஜராக இருக்கிறேன். இந்த சீசனுக்குப் புதிதாக 14 பேர் வருகிறார்கள். அதில் 9 பேர் ஒடிசா, பீகார்க்காரர்கள். முதல் நாள் பாதுகாப்புப் பயிற்சிக்காக விதிமுறைகளை நான்கு பக்கம் டைப் செய்து வைத்திருக்கிறேன். படிக்கச் சொல்லிக் கையெழுத்து வாங்கினால் போதுமா?
- வாசகர், ஆத்தூர்

பதில்: போதாது ஐயா. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் செய்தேன். சேலம் பக்கம் ஓர் ஆலையில் ஃபோர்மேனாக இருந்தபோது, புதிதாக வந்த பையனுக்கு எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன். தலையாட்டினான், கையெழுத்தும் போட்டான். மூன்றாம் நாள் அரவை மெஷினில் கிழங்கு சிக்கியது. ஓடுகிற மெஷினுக்குள் கையை விட்டுவிட்டான். இரண்டு விரல் போய்விட்டது. நான் சொன்னதில் பாதிகூட அவனுக்குப் புரியவில்லை என்று ஆஸ்பத்திரியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அந்தக் கை இன்றும் என் கண்ணிலேயே நிற்கிறது.

அதனால் காகிதத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கிழங்கு இறக்கும் இடத்திலிருந்து காய வைக்கும் களம் வரை முதலில் நீங்கள் தனியாக நடந்து பாருங்கள். எங்கே உயிர் போகும், எங்கே கை போகும் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பயிற்சியை அந்த இடங்களிலேயே நடத்துங்கள். மெஷின் நின்றிருக்கும் நேரத்தில் நான்கு நான்கு பேராகக் கூட்டிப்போங்கள். போன வருடம் வேலை பார்த்த ஒடியா, இந்தி தெரிந்த ஆள் ஒருவர் கூடவே வந்து சொல்லட்டும். அன்றைய கூலியை அவருக்குக் குறைக்காதீர்கள்.

அரவை மெஷினில் கிழங்கு சிக்கினால் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும், பெட்டியைப் பூட்ட வேண்டும். கை வைக்கப்போகிறவரின் பையில்தான் சாவி இருக்க வேண்டும். கரண்ட் நின்ற பிறகும் உருளை கொஞ்ச நேரம் சுற்றும். அது முழுதாக நிற்கும்வரை பொறுக்க வேண்டும். இதை நீங்கள் ஒருமுறை செய்து காட்டுங்கள். பிறகு ஒவ்வொருவரும் உங்களுக்குச் செய்து காட்டட்டும். தோளில் துண்டு, தொங்கும் துப்பட்டா எதுவும் பெல்ட் பக்கம் வரக்கூடாது.

எனக்கு அதிகம் பயம் கழிவுநீர்த் தொட்டிதான். மாவுத் தண்ணீர் புளித்து, அடியில் விஷவாயு தங்கும். லேசாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் வரும். அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. ‘இப்போது நாற்றம் இல்லையே’ என்று இறங்குகிறவர் மயங்கி விழுவார். அவரைத் தூக்கக் குதிக்கிறவரும் விழுவார். புதியவர்களைத் தொட்டி ஓரத்தில் நிறுத்தி ஒன்றே ஒன்று சொல்லுங்கள்: முதலாளியே சொன்னாலும், செருப்பு விழுந்தாலும், நண்பனே விழுந்தாலும் இறங்காதே, கத்திக் கூப்பிடு. இதை அவரவர் மொழியில் திருப்பிச் சொல்லும்வரை அடுத்த இடத்துக்குப் போகாதீர்கள்.

ஆலையில் தரை எப்போதும் ஈரம். 30 மில்லி ஆம்பியர் ஈஎல்சிபி (கரண்ட் கசிந்தால் தானே அணைந்துவிடும் சுவிட்ச்) இருக்கிறதா, அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுகிறதா என்று ஆட்கள் வருவதற்கு முன்னாலேயே பாருங்கள். வறுக்கும் இடத்தில் சுட்டுக்கொண்டால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். மாவு, பேஸ்ட் எதுவும் பூசக்கூடாது.

இன்னொன்று. ராத்திரி ஷிப்டில் ஒடிசா பையன் 108க்குப் போன் செய்தால் எந்த ஊர் என்று எப்படிச் சொல்வான்? ஆலையின் பெயர், ஊர், பக்கத்துப் பஸ் நிறுத்தம் எல்லாவற்றையும் தமிழிலும் அவர்கள் மொழியிலும் சுவரில் பெரிதாக எழுதிவையுங்கள். ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கட்டும்.

கையெழுத்தைப் பத்தாம் நாள் வாங்குங்கள். அன்றைக்கு மறுபடி அரவை மெஷினிடம் கூட்டிப்போய், செய்யச் சொல்லிப் பார்த்த பிறகு வாங்குங்கள். பாதுகாப்புப் பயிற்சி பெறுவது தொழிலாளியின் உரிமை என்று 1987லேயே தொழிற்சாலைகள் சட்டத்தில் 111ஏ பிரிவாகச் சேர்த்துவிட்டார்கள். அதையும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் காப்பித் தோட்ட சூப்பர்வைசர் நான். மிளகு பறிக்கப் புது ஆட்கள் வருகிறார்கள். முக்கியமாக என்ன சொல்லிக்கொடுக்க வேண்டும்?
- வாசகி, ஏற்காடு

பதில்: ஏணிதான் அம்மா. சில்வர் ஓக் மரத்தில் ஏறுகிற மிளகுக்கொடியைப் பார்க்கிற கண், மேலே போகும் கரண்ட் கம்பியைப் பார்ப்பதில்லை. அலுமினிய ஏணி கம்பியில் பட்டால் பிழைப்பது கடினம். ஆட்கள் வருவதற்கு முன்பே கம்பிக்குப் பக்கத்தில் இருக்கும் மரங்களில் சிவப்புப் பெயின்ட் அடித்துவிடுங்கள். மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்தாமல் அந்த மரங்களில் ஏற வேண்டாம். கம்பிக்குக் கீழே ஏணியைப் படுக்கவைத்து இரண்டு பேராகத் தூக்கிப்போகட்டும். சரிவில் ஒருவர் அடியைப் பிடிக்காமல் இன்னொருவர் ஏறக்கூடாது. பாம்பு கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், ஆளை நடக்கவிடாமல் நேரே அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்கு அன்றன்றைக்கு எந்த வண்டி, டிரைவர் யார் என்று காலையில் பேர் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.